காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். போர்க்காலப் பதுங்குமிடம் ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும். கட்டாயம் பாருங்கள். ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு அடியில் ‘பேட்டில்பாக்ஸ்’ இருக்கிறது. பொதுமக்கள் ஒதுங்கிய இடமல்ல, பிரிட்டிஷ் ராணுவத்தின் கட்டளை மையம். ஆனால் குண்டுவீச்சைத் தாங்கவே தரைக்கு 9 மீட்டர் கீழே, ஒரு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவரோடு கட்டினார்கள். 1942 பிப்ரவரி 15 காலையில் தளபதி பெர்சிவலும் அதிகாரிகளும் ஜப்பானியரிடம் சரணடைய முடிவெடுத்தது இதற்குள்தான்.

உள்ளே குறுகலான நடை, சின்னச் சின்ன அறைகள். நம் வளவு வீட்டுத் திறந்த முற்றத்தின் வெளிச்சத்தில் வளர்ந்தவர்களுக்கு முதல் பத்தடியிலேயே மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். நான் அந்தச் சுவரில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் அய்யா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். 1941 டிசம்பர் 23 அன்று அங்கே ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது தெருவோரச் சாக்கடைக்குள் குப்புறப் படுத்துத் தப்பினாராம். அவருக்கு இப்படி ஒரு சுவர் கிடைக்கவில்லை.

சாதாரண மக்கள் தங்கிய இடம்தான் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் போகலாம். செம்மணற்பாறையைக் குடைந்த சுரங்கங்கள், 1939இல் திறந்தவை. பிறகு விரிவாக்கி 6,500 பேருக்கு இடம் செய்தார்கள். 1996 முதல் அருங்காட்சியகம்.

சிங்கப்பூரில் குன்றின் அடிவாரத்திலேயே டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், 1859இல் நகரத்தார் கட்டியது. ஆச்சியைக் கூட்டிப்போனால் காலையில் கோயில், பிறகு குன்று. கொஞ்சம் ஏற வேண்டும், மெதுவாகப் போங்கள்.