பெரிய வித்வான் என்று சொல்ல முடியாத ஜாஸ் கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸுக்கு இங்கிலாந்திலும் ஜப்பானிலும் உயிரை விடும் ரசிகர்கள் எப்படிக் கிடைத்தார்கள்?

பெரிய வித்வான் இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடலாம். அவருடைய தீவிர ரசிகர்களே அதை மறுப்பதில்லை. ஜார்ஜ் லூயிஸுக்கு நோட்டு பார்த்து வாசிக்கத் தெரியாது. கேள்வி ஞானம்தான். மேல் ஸ்தாயிக்குப் போனால் சுருதி கொஞ்சம் ஏறி நிற்கும். வேகமான பாட்டுகளில் தனக்குக் கைவந்த சில பிடிகளையே திருப்பித் திருப்பி வாசிப்பார். அவர் காலத்திலேயே கிளாரினெட் மேதை பென்னி குட்மன் இருந்தார். 1938-ல் கார்னகி ஹாலில் ஜாஸ் கச்சேரி செய்தவர், மொசார்ட்டைப் பதிவு செய்தவர், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கிடம் தனக்கென்று ஒரு படைப்பை எழுதி வாங்கியவர். வாத்தியத்தின் மீது இருந்த ஆளுமையை வைத்துப் பார்த்தால் இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதவே கூடாது.

ஆனால் குட்மனைக் கேட்டு வியந்தவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். லூயிஸைக் கேட்டவர்களில் சிலர் கப்பல் ஏறிவிட்டார்கள். என் பதில் இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான். லூயிஸின் ரசிகர்கள் ரசித்ததோடு நிற்கவில்லை. அவருக்காக ஆளாளுக்கு ஒரு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

ஆளைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1900 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு குவார்ட்டரில் பிறந்தவர். அம்மா ஆலிஸ் ஜெனோ கிரியோல் பிரெஞ்சு பேசுபவர். சின்ன வயதில் பொம்மை வயலின் வாங்கப் போய், கடையில் அது தீர்ந்துபோனதால் தகரப் புல்லாங்குழல் வாங்கி வந்த பிள்ளை என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. நடன அரங்கு, ஊர்வலம், சாவு ஊர்வலம் என்று கூப்பிட்ட இடத்தில் வாசித்தார். அது மட்டும் சோறு போடாது என்பதால் மிசிசிப்பி ஆற்றுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஒல்லிக்குச்சி உடம்பு. லூயி ஆம்ஸ்ட்ராங், சிட்னி பெஷே போன்றவர்கள் ஊரைவிட்டு வடக்கே போய் 1920-களிலேயே இசைத்தட்டுகளில் ஏறிவிட்டார்கள். இவர் ஊரிலேயே இருந்துவிட்டார். நாற்பது வயதுவரை உலகத்துக்கு இவர் யாரென்றே தெரியாது.

முதலில் வந்தவர்கள் தேடுபவர்கள். 1939-ல் வெளிவந்த ஒரு ஜாஸ் வரலாற்றுக்காகத் தகவல் திரட்டும்போது, பங்க் ஜான்சன் என்ற பழைய டிரம்பெட் கலைஞர் நியூ ஐபீரியா என்ற சிற்றூரில் பல்லெல்லாம் போய், வாத்தியமும் இல்லாமல் இருப்பது தெரியவந்தது. ரசிகர்கள் காசு சேர்த்து அவருக்கு டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார்கள், பல்செட்டும் கட்டிக் கொடுத்தார்கள். (பல் கட்டிய மருத்துவர் வேறு யாருமில்லை, சிட்னி பெஷேயின் அண்ணன் லெனர்ட்.) 1942-ல் பங்கைப் பதிவு செய்யக் கிளம்பியபோது கிளாரினெட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்கு லூயிஸ் வந்து சேர்ந்தார். இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு. 1931-ல் ரெய்ன் என்ற ஊரில் குழுத் தலைவர் இவான் தாமஸை மேடையிலேயே ஒருவன் குத்திக் கொன்றான். அன்றைக்கு அந்த மேடையில் இவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

பங்குக்காக வந்தவர்கள் லூயிஸிடம் மயங்கிப்போனார்கள். அதில் முக்கியமானவர் பில் ரஸ்ஸல். இவர் பாமர ரசிகர் அல்ல. வயலின் கற்றவர், தாள வாத்தியங்களுக்கு அந்தக் காலத்திலேயே புதுமையாக எழுதிய இசையமைப்பாளர், நவீன இசையமைப்பாளர் ஜான் கேஜ் மதித்த ஆள். அப்படிப்பட்டவர் தன் சொந்த இசையை ஓரம் கட்டிவிட்டு, கனமான பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்கு வந்துகொண்டே இருந்தார். 1944-ல் துறைமுகத்தில் நடந்த விபத்தில் லூயிஸின் மார்பு நசுங்கியது. வீட்டில் உடம்பு தேறிக்கொண்டிருந்தவரிடம் ரஸ்ஸல் கருவியோடு போனார். பாஞ்சோவுக்கு லாரன்ஸ் மர்ரெரோ, பாஸுக்கு 'ஸ்லோ டிராக்' பாவஜோ. அன்றைக்குப் பதிவானதுதான் 'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்'.

எனக்கு ஜாஸ் என்றால் சாக்ஸபோன்தான் என்று இருந்த நாளில் ஒரு நண்பர் இதை அனுப்பினார். ஸ்பீக்கரில் கேட்காதே, ஹெட்போன் போட்டுக் கேள் என்று ஒரு கட்டளை வேறு. முதலில் இழைப்புளியால் மரம் சீவுவது போல ஒரு இரைச்சல். அதற்குப் பின்னால் பாஞ்சோ, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு, அலங்காரமே கிடையாது. கிளாரினெட் ஒரு சின்ன வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்குகிறது. மறுபடியும் அதையே சொல்கிறது, ஆனால் கடைசிச் சுரத்தில் ஒரு நடுக்கம் கூடுதலாக. மூன்றாம் தடவை மேலே எழும்பி, அங்கேயே கொஞ்சம் அழுத்தி நிற்கிறது. சுருதி லேசாக விலகுகிறது என்று காது சொல்கிறது. சரிசெய்யவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மார்பில் அடிபட்ட மனிதர் மூச்சு எங்கே போதாமல் போகிறதோ அங்கே வாக்கியத்தை முடிக்கிறார் என்று எனக்குப் பட்டது. விபத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு கேட்பதால் வரும் கற்பனையாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த இசையில் கெட்டிக்காரத்தனம் காட்டும் இடம் எதுவும் இல்லை. அதனால் கேட்பவனுக்கு இரண்டு எண்ணம் வருகிறது. ஒன்று, இந்த மனிதர் என்னிடம்தான் பேசுகிறார். இரண்டு, முயன்றால் இதை நானும் வாசிக்கலாம். இரண்டாவது எண்ணம் முழுப் பொய். கட்டைவிரலில் கொப்புளம் வர வாசித்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பொய்தான் இங்கிலாந்தில் பாதி வேலையைச் செய்தது.

போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் அமெரிக்கக் குழுக்களை மேடையில் பார்க்க வழியே இல்லை. 1930-களின் நடுவிலிருந்து 1956 வரை இசைக்கலைஞர் சங்கத் தகராறு அதற்குக் குறுக்கே நின்றது. இருந்ததெல்லாம் இசைத்தட்டுகள்தான். கென் காலியர் என்ற இளைஞர் தட்டுகளைக் கேட்டே டிரம்பெட் பழகியவர். வேறு வழி தெரியாமல் வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, 1952-ல் அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் கப்பலைக் கைகழுவிவிட்டு நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார். லூயிஸின் குழுவோடு உட்கார்ந்து வாசித்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பதை அந்த ஊர் பொறுத்துக்கொள்ளாத காலம் அது. லூயிஸோ, சுற்றுப்பயணத்துக்கு நீயே டிரம்பெட் வாசி என்று கூப்பிட்டுவிட்டார். அதற்குள் விசா காலம் முடிந்துபோய், காலியர் சிறையில் இருந்துவிட்டு நாடு கடத்தப்பட்டார். ஊர் திரும்பியவருக்கு லண்டனில் கிட்டத்தட்ட யாத்திரை முடித்து வந்தவருக்கான மரியாதை. 1957-ல் லூயிஸ் இங்கிலாந்து வந்தபோது யாருடைய குழுவோடு வாசித்தார் தெரியுமா? இதே காலியரின் குழுவோடுதான். நாடு கடத்தப்பட்ட ரசிகனின் குழு, குருவுக்குப் பக்கவாத்தியம்! 1959-ல் தன் சொந்தக் குழுவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தக் கால இங்கிலாந்துக் கிளாரினெட்காரர்களின் பதிவுகளைக் கேளுங்கள். மான்டி சன்ஷைன், ஆரம்பகால ஆக்கர் பில்க், அப்புறம் சாமி ரிமிங்டன். எல்லாருக்குள்ளும் லூயிஸ் உட்கார்ந்திருப்பார். அவர் வாசித்த பழைய ஆல்பர்ட் முறைக் கிளாரினெட்டையே சிலர் தேடிப் பிடித்து வாசித்தார்கள். விரல் வைக்கும் முறையே வேறு, புதிதாகப் படிப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள். திரைப்பட இயக்குநர் வூடி ஆலன்கூட இந்த வகைக் கிளாரினெட் வாசிக்கும் லூயிஸ் பக்தர்தான். நகலெடுப்பது கலையா என்று கேட்டால் எனக்கும் தயக்கம் உண்டு. குருவின் சுருதிப் பிசகு வரைக்கும் சிரத்தையாகப் பயிற்சி செய்து வாசிப்பவர்களைக் கேட்கும்போது சிரிப்பு வரும், கோபம் வராது.

ஜப்பான் கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. 1961-ல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி தம்பதி நியூ ஆர்லியன்ஸில் பிரிசர்வேஷன் ஹாலை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். குடி கிடையாது, சொகுசு கிடையாது, தரையில் உட்கார்ந்து பழைய கலைஞர்களைக் கேட்கும் சின்னக் கூடம். கடைசிக் காலம்வரை லூயிஸுக்கு அதுதான் வீடு. பில் ரஸ்ஸலும் ஊரோடு வந்து குடியேறி, வயதான காலத்தில் அங்கேயே வளைய வந்துகொண்டிருந்தார். 1963-ல் அங்கிருந்து லூயிஸின் குழு ஜப்பான் போனது. கூட்டிப் போனது ரோ-ஒன் என்ற தொழிலாளர் இசை அமைப்பு. மூட்டை தூக்கியவருக்குத் தொழிலாளர்கள் சபை, பொருத்தம்தான். 1964, 1965 என்று மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒசாகாவில் ரியோய்ச்சி கவாய் என்ற கிளாரினெட்காரரின் குழு அதற்கு முன்பிருந்தே இந்தப் பாணியில் வாசித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கச்சேரிகளில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் யோஷியோ டோயாமா. வசேதா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1968-ல் மனைவி கெய்க்கோவோடு கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் போய், ஐந்து வருடம்போல அங்கேயே தங்கி வாசித்தார். பல வருடம் கழித்து, அந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் துப்பாக்கிக்குப் பதில் வாத்தியம் இருக்கட்டும் என்று ஜப்பானில் பழைய வாத்தியங்களைச் சேகரித்து அனுப்பத் தொடங்கினார்கள். 2011 சுனாமியில் கெசென்னுமா நகரச் சிறுவர் ஜாஸ் குழு, ஸ்விங் டால்ஃபின்ஸ், வாத்தியங்களை இழந்து நின்றபோது நியூ ஆர்லியன்ஸிலிருந்து உதவி வந்தது. லூயிஸ் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதையெல்லாம் அவர் கணக்கில் எழுதலாமா என்றால், நான் எழுதுவேன்.

இந்த அன்பில் எனக்கு உறுத்தும் பக்கமும் ஒன்று உண்டு. அந்த ரசிகர்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு மனிதர் அல்ல, கலப்படம் இல்லாத ஒரு பழமை. எழுதப் படிக்கத் தெரியாத இசை, ஏழ்மை, துறைமுகம், எல்லாமே அவர்களுக்குத் தூய்மையின் அடையாளம். நவீன ஜாஸ் ரசிகர்கள் இவர்களைப் 'பூஞ்சை பிடித்த அத்திப்பழங்கள்' என்று கிண்டலடித்தது சும்மா இல்லை. பங்க் ஜான்சனே இந்தப் பிம்பத்தை ஏற்கவில்லை. 1945-ல் நியூயார்க் ஸ்டைவசன்ட் கேசினோவில் பெரிய வரவேற்பு கிடைத்தபோதும், நோட்டு பார்த்து வாசிக்கத் தெரிந்த ஆட்களும் அன்றைய புதுப் பாட்டுகளும்தான் அவருக்கு வேண்டியிருந்தன. அவரோடு போயிருந்த லூயிஸ் ஊர் திரும்பி மறுபடி சின்ன மதுக்கடைகளில் வாசித்தார். அவருடைய குழு வாசித்துப் பிரபலமாக்கிய 'ஐஸ் க்ரீம்' 1920-களின் கேளிக்கைப் பாட்டு. தூய பழமை என்று அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது ஐரோப்பா!

ஆனாலும் லூயிஸ் அந்தப் பிம்பத்துக்குள் முகம் சுளிக்காமல் இருந்தார். சண்டை போடாத, குரல் உயர்த்தாத மனிதர். இன்னொரு கிளாரினெட் நட்சத்திரம் ஆர்ட்டி ஷாவை நினைத்துப் பாருங்கள், ரசிகர்கள் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள் என்று வெறுத்துப்போய் 1939-ல் மேடையை விட்டே இறங்கி மெக்சிகோ போய்விட்டார். லூயிஸிடம் 'பர்கண்டி ஸ்ட்ரீட்' கேட்காத ஊரே இருந்திருக்காது. கேட்டபோதெல்லாம் வாசித்தார். 1968 டிசம்பர் 31-ல் இறந்தபோது, ஊர் வழக்கப்படி பித்தளை வாத்தியக் குழுக்கள் முன்னே போக அடக்கம் செய்தார்கள்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 1943-ல் கிளைமாக்ஸ் என்ற பெயரில் வந்த பதிவுகள் கூட்டு வாசிப்புக்கு, ரஸ்ஸலின் 1944 பதிவுகள் தனி வாசிப்புக்கு. பழைய இரைச்சல் ஒத்துவராது என்றால் 1954-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியிலிருந்து தொடங்குங்கள், ஒலி தெளிவு, ஜிம் ராபின்சனின் டிராம்போன் போனஸ். 1960-களின் பதிவுகளில் மூச்சு குறைந்திருக்கும், அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.