குடியை விட உதவும் ஆதரவுக் குழு என்றால் என்ன? வேலூரில் எப்படித் தேடுவது?

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டம்தான் ஆதரவுக் குழு. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இதில் பெயர்பெற்றது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்லவும் வேண்டாம்.

இது ஏன் உதவுகிறது? வீட்டில் கிடைப்பது திட்டு, இல்லாவிட்டால் அழுகை. சாயங்காலமானால் கை நடுங்குவதையும், டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப்போவதையும் குழுவில் விளக்கவே வேண்டாம். எதிரில் இருப்பவரும் அப்படிச் சுற்றிப்போனவர்தான். பாலாற்று மணலில் முன்னால் நடப்பவர் திரும்பி, "இங்கே பள்ளம், ஓரமா வா" என்று சொல்வது போலத்தான்.

சரி, எங்கே கேட்பது? பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ விசாரிக்கலாம். 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணும் உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் நாள் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலே போதும். அப்புறம், குடியை முழுசாக விட்டபிறகுதான் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, விடவேண்டும் என்ற ஆசை இருந்தாலே உள்ளே போகலாம்.