செய்தியா, விளம்பரமா? தேர்தல் கால ஊடகம் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டது. வாக்களித்து வந்தவர்களிடம் கேட்டு எடுக்கும் வாக்குக் கணிப்பை வெளியிட ஏன் ஜூன் 1 மாலை வரை தடை, ஐயா?

மற்ற மாநிலங்களில் இன்னும் ஆறு கட்டங்கள் மிச்சம் இருந்தன, அம்மா. முதல் கட்டம் தொடங்கியது முதல் கடைசிக் கட்டம் முடிந்து அரைமணி நேரம் வரை கணிப்பை வெளியிடக் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. இங்கே யார் முந்துகிறார் என்ற பேச்சு, ஜூன் 1 அன்று வாக்களிக்கவிருந்த வாரணாசிக்காரரின் மனத்தைச் சாய்க்கக் கூடாது அல்லவா? அன்று மாலை வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் தந்தன. கிடைத்தவை 293.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதாகச் சொல்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே வேட்பாளரைப் பற்றிய ஒரே புகழுரை, போட்டிப் பத்திரிகைகளில் சொல் மாறாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது மராத்தி நாளிதழ்களில் அப்படி வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். எதிர் வேட்பாளரின் பெயரே வராத பக்கமும் சந்தேகத்துக்குரியது.

தேர்தல் குற்றங்களில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். வாசகர் விளம்பரத்தைச் செய்தி என்று நம்பிப் படிக்கிறார். வேட்பாளர் அந்தச் செலவைக் கணக்கில் காட்டாமல் உச்சவரம்பைத் தாண்டுகிறார். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு அது 40 லட்சம் ரூபாய். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007இல் வென்ற உம்லேஷ் யாதவ், இப்படி வந்த செய்திகளின் செலவை மறைத்ததற்காக 2011இல் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தண்டனை கணக்கை மறைத்ததற்குத்தான். காசு வாங்கிச் செய்தி போடுவதையே குற்றமாக்கச் சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகியே தீர வேண்டும்.

கடைக்காரர், ஓசூர்: அப்படி ஒரு செய்தியைப் பார்த்தால் யாரிடம் சொல்வது?

மாவட்டத் தேர்தல் அதிகாரியின் தலைமையில் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. பத்திரிகையின் பக்கத்தை இணைத்து எழுத்தில் கொடுங்கள். புகார் உறுதியானால் விளம்பரக் கட்டணம் கணக்கிடப்பட்டு வேட்பாளரின் செலவில் சேரும்.

வாசகி, நாமக்கல்: பிரச்சாரம் ஓய்ந்த பிறகும் நாளிதழில் கட்சி விளம்பரம் வருகிறதே?

கடைசி 48 மணி நேரத் தடை தொலைக்காட்சி போன்றவற்றுக்குத்தான், அச்சுக்கு இல்லை. ஆனால் வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் வரும் அரசியல் விளம்பரத்துக்கு அந்தக் குழுவின் முன்சான்று கட்டாயம்.

பகுதிநேர நிருபர், தேனி: பெரிய நிறுவனங்களின் வசதி எங்களுக்கு இல்லை. சிற்றூர் நிருபர் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

உங்களால்தான் நிறைய முடியும், தம்பி. வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26இல் சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கின்றன. தேர்தல் ஆணைய இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சென்ற முறை அவர் கொடுத்த படிவத்தோடு ஒப்பிடுங்கள். குற்ற வழக்கு உள்ளவர்கள் அதைப் பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும். அவர்களை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு தொகுதி மக்களிடம் போய்க் கேளுங்கள். முடிவு வந்த 30 நாட்களுக்குள் எல்லா வேட்பாளர்களும் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். அப்போது பெரும்பாலான நிருபர்கள் வேறு செய்திக்குப் போயிருப்பார்கள். நீங்கள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி நகல் வாங்குங்கள். நீங்கள் நேரில் பார்த்த பந்தலும் வாகனங்களும் அதில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து எழுதுங்கள்.