தாஜ் ஹோட்டலின் முன்பக்கம் எது?

கேள்வி: மும்பை தாஜ் ஹோட்டலை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிவிட்டார்களாம். அதைப் பார்த்த வெள்ளைக்கார கட்டடக்கலைஞர் மாடியிலிருந்து குதித்துவிட்டாராம். உண்மையா? திருமண நாளுக்கு ஒரு இரவு அங்கே தங்க ஆசை. அந்தக் காலத்து அறை கிடைக்குமா?

பதில்: முழுப் பொய். இன்னும் எத்தனை காலத்துக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறோம்? வரைபடம் போட்டவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி.என். மிர்சா என்ற இரண்டு இந்தியர்கள். வைத்யா 1900-லேயே காலமாகிவிட, டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் வேலையை முடித்தார். குதித்தவர் யாருமில்லை. நம்மவர் இருவரின் பெயரையும் விழுங்கிவிட்டு, இல்லாத ஒரு வெள்ளைக்காரருக்கு ஊரே இரங்குகிறது என்பதுதான் வேதனை.

‘முன்பின்’ குழப்பம் எப்படி வந்தது? ஹோட்டல் திறந்தது 1903 டிசம்பர் 16. அதன் எதிரே கடலோரம் நிற்கும் வளைவான கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அடிக்கல் நாட்டியதே 1913-ல்; கட்டி முடித்தது 1924-ல். கேட்வே பக்கம் நின்று பார்க்கிற நமக்குக் கடற்பக்கம்தான் முகப்பாகத் தெரிகிறது. அன்று குதிரை வண்டிகள் வந்து நின்ற வாசலோ நகரத்தைப் பார்த்த மேற்குப் பக்கம். அங்கே இப்போது நீச்சல் குளம் இருக்கிறது. வாசலை மாற்றியது பிற்காலம். கட்டியவர்கள் தவறு செய்யவில்லை.

இனி அறை. பெயரைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். ‘தாஜ் மஹால் டவர்’ என்றிருந்தால் அது 1970-களில் எழுந்த பக்கத்துக் கட்டடம். உங்களுக்கு வேண்டியது 1903-ல் திறந்த பழைய கட்டடமான ‘பேலஸ்’ பகுதி. அதிலும் கடல் பார்த்த அறை, நகரம் பார்த்த அறை என்று விலை வேறுபடும். எது என்பதை உறுதிக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கடற்பக்கம் கிழக்கு என்பதால் சூரியோதயம் அறையிலிருந்தே தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைத்திரைதான் தெரியும், கூடுதல் பணம் வீண்.

‘அந்தக் காலத்து அறை’யை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 2008 நவம்பர் தாக்குதலில் பேலஸ் பகுதி தீயில் கடுமையாகச் சிதைந்தது. சீரமைத்துத் திறந்தது 2010 ஆகஸ்ட் 15. கட்டிலும் குளியலறையும் புதியவை. பழமையைத் தேடுகிறவர்கள் அறைக்கு வெளியே வரவேண்டும்: கற்சுவர்கள், குவிமாடத்தின் கீழ் சுற்றி ஓடும் தாழ்வாரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நடுவே தூண் தாங்காமல் சுவரைப் பிடித்தே ஏறும் அந்தப் படிக்கட்டு. அதை அமைத்தவர் ஒப்பந்ததாரர் சோராப்ஜி ரத்தன்ஜி. லிஃப்டில் ஏறிப் போய்விட்டால் இதைத் தவறவிடுவீர்கள். தங்குவோருக்குப் பழைய கட்டடத்தை நடந்தபடி சுற்றிக்காட்டும் ‘ஹெரிட்டேஜ் வாக்’ நேரத்தை அறை எடுக்கும்போதே கேளுங்கள்.

வாடகை கட்டுப்படியாகாவிட்டால், பேலஸ் பகுதியிலேயே கடலைப் பார்த்திருக்கும் ‘சீ லவுஞ்ச்’ இருக்கிறது. மாலைத் தேநீருக்கு முன்பதிவு செய்யுங்கள். ஜன்னலோர மேசை வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.