தோளில் கால் போடும் பிரவுனி

கேள்வி: எங்கள் லாப்ரடார் பிரவுனிக்கு ஒன்றரை வயது. காலிங் பெல் அடித்தாலே வாசலுக்கு ஓடி, வருகிறவர் தோளில் இரண்டு காலையும் போட்டுவிடுகிறது. கடிக்காது, பாசம்தான். அடுத்த மாதம் 78 வயதுப் பெரியம்மா வந்து தங்கப் போகிறார். அடிக்க மனம் வரவில்லை. என்ன செய்வது?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அடித்தும் பயனில்லை அம்மா. எங்கள் மணி நாட்டு நாய்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த உறவினர்மேல் அது பாய்ந்ததில் தட்டு கவிழ்ந்து, வெள்ளை வேட்டியெல்லாம் குங்குமம். "மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டு நாயா இது?" என்றார். இன்றுவரை கேட்டுக்கு வெளியே நின்று போன் செய்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

அன்று நானும் "இறங்கு, இறங்கு" என்று கத்தித் தள்ளினேன். தப்பு. தள்ளத் தள்ள நாய்க்கு அது விளையாட்டு. குட்டியில் தாயின் வாயை நக்கிப் பழகிய பிராணி, நம் முகம் எட்டாததால் தாவுகிறது.

பிறகு மகனை வெளியே நிறுத்திச் சும்மாவே பெல் அடிக்கச் சொன்னேன். அடித்த கையோடு, கூடத்து மூலையில் விரித்த சாக்கில் ஒரு துண்டு அவித்த கோழி. தினம் பத்துத் தடவை. இரண்டு வாரத்தில், பெல் அடித்தால் மணி சாக்குக்கு ஓடியது. துண்டு சுண்டுவிரல் நக அளவு போதும். லாப்ரடாருக்குச் சட்டென்று உடம்பு போடும். எலும்பு கூடாது.

நாயைப் பழக்கிவிடலாம், விருந்தாளிகளைப் பழக்குவதுதான் பாடு. "பரவால்ல, எனக்கு நாய்னா உசிரு" என்று தாவுகிற நாயைக் கொஞ்சுகிறவர் ஒருவர் வந்தால் போதும், இரண்டு வார உழைப்பு போச்சு. நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் தொடச் சொல்லுங்கள். தாவினால் பேசாமல் திரும்பி நிற்கட்டும்.

பெரியம்மாவை வைத்துப் பரீட்சை வேண்டாம். அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அன்று விடிகாலையிலேயே பிரவுனியை நன்றாக நடத்திக் கூட்டி வாருங்கள்; வெயில் ஏறினால் தார் ரோடு பாதத்தைச் சுடும். ஆட்டோ வரும் முன்பே உள் அறையில் விட்டுவிடுங்கள். பெரியம்மா உட்கார்ந்து காபி குடித்து முடிக்கட்டும். அதன்பின் கயிற்றைப் பிடித்தபடி கூட்டி வாருங்கள். நகத்தை முன்பே வெட்டிவிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி தேதியையும் பாருங்கள். ஊசி போட்ட நாயே ஆனாலும், நகம் கீறிவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் எல்லாம் அப்ப வேண்டாம்.