அவெடானும் ஆதார் அட்டையும்

வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை. நாற்பது வயதுக்கு மேல் போட்டோ எடுக்கும் பைத்தியம் பிடித்து ஒரு கேமராவும் 50 எம்எம் லென்ஸும் வாங்கினேன். பறவை, கோயில் கோபுரம், தாமிரபரணியில் சூரிய அஸ்தமனம் எல்லாம் எடுத்துப் பார்த்தேன், மனசு ஒட்டவில்லை. முகங்களை எடுக்கத்தான் பிடிக்கிறது. ராத்திரி உட்கார்ந்து ரிச்சர்ட் அவெடான், இர்விங் பென், பீட்டர் லிண்ட்பெர்க் ஆகிய வெளிநாட்டுப் புகைப்பட மேதைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். போனில் ஒரு ஃபோல்டர் நிறையச் சேர்த்தும் வைத்திருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையோ மகளையோ நிறுத்தி எடுத்தால் அதில் ஒரு சதவீதம்கூட வருவதில்லை. அவெடான் மாதிரி இருக்கட்டும் என்று அம்மாவை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். முகம் இருண்டுபோய்விட்டது. என் மனைவி பார்த்துவிட்டு, “ஆதார் அட்டை போட்டோ மாதிரி இருக்கு” என்றாள். போதாததற்கு அம்மா கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகிறாள்.

என் சந்தேகங்கள்: இத்தனை மேதைகளில் யாரைப் பின்பற்றுவது? ஒருவரைப் பார்த்து அதேபோல எடுப்பது தப்பா? 85 எம்எம் லென்ஸும் சாஃப்ட்பாக்ஸும் (வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் விளக்குப் பெட்டி) வாங்கினால்தான் சரிவருமா?

ர., பாளையங்கோட்டை

*

அன்புள்ள ர.,

உங்கள் மனைவி சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவெடான் தொழிலைத் தொடங்கியதே அங்கேதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க வணிகக் கப்பல் படையில் சேர்ந்தவருக்குக் கிடைத்த வேலை, மாலுமிகளின் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. கையில் அப்பா கொடுத்த ரோலைஃப்ளெக்ஸ் கேமரா. வெறும் பின்னணி, நேராக நிற்கும் ஆள், அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள். பிற்பாடு பெரிய பெயர் வாங்கிய அந்த வெள்ளைப் பின்னணிப் படங்களைப் பார்க்கும்போது, அடையாள அட்டையை அவர் கடைசிவரை விடவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

லென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வாங்க வேண்டாம். உங்களுடையது ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் கொண்ட கேமராவாக இருந்தால், அதில் 50 எம்எம் லென்ஸ் ஏற்கெனவே ஏறக்குறைய 75, 80 எம்எம் லென்ஸ் போலத்தான் நடந்துகொள்ளும். அதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் ஃபோல்டரைத் திறந்து பென், அவெடான் ஸ்டுடியோவில் எடுத்தவற்றை மட்டும் தனியாகப் பாருங்கள். பின்னணி மங்கலாக்கப்பட்ட படம் எத்தனை தேறுகிறது? இன்று போர்ட்ரெய்ட் என்றாலே பின்னால் எல்லாம் கரைந்து வெண்ணெயாக வழிய வேண்டும் என்று ஆகிவிட்டது. அவர்களுக்கு அந்தத் தேவையே எழவில்லை. பின்னால் இருந்தது ஒரு தாள் அல்லது ஒரு துணி, அவ்வளவுதான். மறைப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் மங்கலாக்க என்ன இருக்கிறது?

யாரைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படங்களில் முகத்தையே பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பார்ப்பவர் முகத்தைப் பார்க்கலாம். எடுக்கப்போகிறவர் அந்த அறையைப் பார்க்க வேண்டும். ஆள் எதன்மேல் சாய்ந்திருக்கிறார், தரையில் என்ன கிடக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது. கடைசிக் கேள்விக்கான விடை கண்ணுக்குள்ளேயே இருக்கும். படத்தைப் பெரிதாக்கிக் கருவிழியில் விழுந்திருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். சதுரமாக இருந்தால் ஜன்னலோ சாஃப்ட்பாக்ஸோ, வட்டமாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டுடியோ விளக்கின் குடை. கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் புள்ளி இருந்தால், வெளிச்சம் உங்களுக்கு இடப்பக்கம் மேலிருந்து வந்திருக்கிறது. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இதை மட்டும் செய்தாலே படம் பார்க்கும் பழக்கம் மாறிவிடும்.

பென் 1948இல் நியூயார்க்கில் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு முப்பதுக்குச் சற்று மேல். எதிரே வந்து நின்றவர்களோ ஓவியர்கள் மார்செல் துஷாம்ப், ஜார்ஜியா ஓ’கீஃப், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் போன்ற ஆட்கள். அவர்களை இளைஞர் ஒருவர் எப்படி ஆட்டிப்படைப்பது? ஸ்டுடியோவில் கிடந்த இரண்டு பின்னணித் தட்டிகளை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நிறுத்தினார். நடுவில் ஒடுக்கமான ஒரு மூலை உருவானது. “இதற்குள் நில்லுங்கள், எப்படி வேண்டுமானாலும்.” அவ்வளவுதான். தரையில் நைந்த கம்பளம். துஷாம்ப் வாயில் பைப்போடு உள்ளே அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறார். எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டி ஒரு நாற்காலியில் முழங்காலிட்டுப் பெரிய கோட்டுக்குள் ஒடுங்கிக்கொள்கிறார். இடம் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் அதற்குள் செய்வது வேறு. ஆளின் அசைவைக் கட்டுப்படுத்தியதால், அவரைப் பிடித்து நிறுத்தும் பாரத்தில் ஒரு பகுதி தன்மேலிருந்து இறங்கியது என்ற பொருளில் பென் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதை உங்கள் கடிதத்தோடு சேர்த்து யோசித்தேன். அம்மாவைச் சுவர் முன்னால் நிறுத்தினீர்கள். சாய ஒன்றும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாது. யாராக இருந்தாலும் விறைத்துத்தான் போவார்கள். வீட்டில் மூலை இல்லாமலா இருக்கும்? பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு போதும். வாசல் நிலை இன்னும் நல்லது. சாய்ந்துகொண்டு பேசிப்பேசிப் பழகிய இடம்.

முகம் இருண்டதற்கு உங்கள் அம்மாவின் நிறம் காரணமில்லை, சுவர்தான் காரணம். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது கேமரா மீட்டரின் குணம். வெள்ளைச் சுவரைக் கண்டதும் அது வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது, அம்மாவும் சேர்ந்து இருண்டுவிட்டார். கேமராவில் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒன்றோ ஒன்றரையோ கூட்டுங்கள், முகம் வந்துவிடும்.

பென்னின் இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. அதே 1948 கடைசியில் வோக் பத்திரிகைக்காக ஃபேஷன் படம் எடுக்கப் பெரு நாட்டுக்குப் போகிறார். வேலை முடிந்ததும் மற்றவர்கள் ஊர் திரும்ப, இவர் மட்டும் ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் குஸ்கோவுக்குப் போனார். அங்கே உள்ளூர் புகைப்படக்காரர் ஒருவரின் ஸ்டுடியோ, பகல் வெளிச்சம் இறங்குகிற அறை. அதைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பண்டிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள வழக்கம்போல் மலைக்கிராமத்து ஜனங்கள் வந்தார்கள். உள்ளே வேறு யாரோ நிற்கிறார், காசு வாங்குவதற்குப் பதில் இவர்களுக்கே காசு கொடுக்கிறார்! அந்தப் படங்களில் ஒன்றில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சின்ன ஸ்டூல் ஒன்றின் இரு பக்கமும் நிற்பார்கள். காலில் செருப்பில்லை, உடை நைந்தது. நிற்கிற தோரணையோ பெரிய மனிதர்களுடையது. அந்த ஸ்டூலை எடுத்துவிட்டால் படம் இல்லை. அது பென் கொண்டுபோனதில்லை என்பதையும் கவனியுங்கள். ஸ்டுடியோக்காரரின் சொத்து அது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒருவரை இங்கே சேர்க்க வேண்டும். மாலி நாட்டின் பமாகோ நகரத்துக்காரர் செய்டு கெய்ட்டா. தச்சு வேலை செய்தவர். 1935இல் அவருடைய மாமா செனகலிலிருந்து ஒரு கோடாக் பிரவுனி கேமரா வாங்கிவந்து கொடுத்தார். பள்ளிக்கூடம் போய்ப் படித்ததெல்லாம் இல்லை. பென் தட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்த அதே 1948இல் இவர் தன் வீட்டிலேயே ஸ்டுடியோ போட்டார். விளக்குக்குச் செலவு செய்யக் கட்டுப்படியாகாததால் முற்றத்துப் பகல் வெளிச்சம். ஃபிலிம் விலை காரணமாகப் பெரும்பாலும் ஆளுக்கு ஒரே ஒரு ஷாட். பின்னணி என்ன தெரியுமா? அவர் படுக்கையில் விரித்திருந்த விரிப்பு. பிறகு பூப்போட்ட, கொடி ஓடிய துணிகள். சில வருடங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றியதால், எந்தப் படம் எந்தக் காலத்தது என்று பின்னாளில் பின்னணியைப் பார்த்தே அவரால் சொல்ல முடிந்தது.

பூப்போட்ட துணிக்கு முன்னால் பூப்போட்ட உடை அணிந்த பெண்ணை உட்காரவைப்பது எந்தப் போட்டோ வகுப்பிலும் “செய்யாதே” பட்டியலில் வரும். கெய்ட்டா அதையே தயங்காமல் செய்தார். கோலம்மேல் கோலம் போட்டதுபோல் இருக்கும், ஆனாலும் முகம் தனியாக எழுந்து நிற்கும். கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் வெள்ளைக் கோட்டில் ஒற்றைப் பூவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைத் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளருக்கென்று கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ எல்லாம் ஸ்டுடியோவில் வைத்திருப்பார். அந்தக் காலத்து நம் ஊர் ஸ்டுடியோக்களில் சீப்பும் பவுடரும் பிளாஸ்டிக் பூச்சாடியும் இருந்ததைப்போல.

நான் இவரை இழுத்துவருவதற்குக் காரணம் உண்டு. அவெடானின் “அமெரிக்க மேற்கு” படங்கள் டெக்சாஸ் அருங்காட்சியகம் ஒன்று கேட்டு, 1979 முதல் 1984 வரை எடுக்கப்பட்டவை. சுரங்கத் தொழிலாளர்கள், நாடோடிகள், கசாப்புக்காரர்கள். வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, நிழலில் நிறுத்தி, பெரிய எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் கேமராவில் எடுத்தார். அசாத்தியமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் நிற்பவருக்காக எடுக்கப்பட்டதல்ல. அது பிடித்திருக்கிறதா என்று அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கெய்ட்டாவின் எதிரே நின்றவர் காசு கொடுத்தவர், படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டப்போகிறவர். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் தொழில் படுத்துவிடும். உங்கள் அம்மா உங்களுக்கு என்ன? அவெடானின் சுரங்கத் தொழிலாளியா, கெய்ட்டாவின் வாடிக்கையாளரா? எனக்குச் சந்தேகமே இல்லை. ரசிப்பது யாரை வேண்டுமானாலும் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குக் கெய்ட்டாவிடம் போங்கள். அம்மாவுக்கு எந்தச் சேலை பிடிக்கும், எந்தப் பக்கம் திரும்பினால் தான் நன்றாக இருப்பதாக நினைக்கிறார் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை அமெச்சூர்கள் கேட்காமல் விடுவது இதைத்தான்.

அவெடானும் சொந்தக்காரரை எடுத்திருக்கிறார். நோய்வாய்ப்பட்டிருந்த அப்பாவை 1969 முதல் 1973 வரை தொடர்ந்து எடுத்தார். போஸ் கொடுக்கும்போது அப்பாவின் முகத்தில் வரும் சிரிப்பு அவருடையது இல்லை என்று அவருக்கே கடிதம் எழுதியவர் அவெடான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த வேகமே மகனுக்கு வேண்டியிருந்தது. அந்தப் படங்கள் 1974இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன. மகனாக இருந்து பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது. அவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு, அவரே சொன்னது. முன்னாள் பிரிட்டிஷ் மன்னரான விண்ட்சர் கோமகனும் மனைவியும் கேமரா முன்னால் வழக்கமான புன்னகையோடு இருந்தார்களாம். நாய்ப்பிரியர்கள். வரும் வழியில் தன் டாக்சி ஒரு நாயின்மேல் ஏறிவிட்டது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். முகம் இரண்டும் தொங்கிவிட்டன, கிளிக். தயவுசெய்து இதை அம்மாவிடம் முயல வேண்டாம்.

லிண்ட்பெர்க் பற்றிச் சுருக்கமாக. 1988இல் கலிபோர்னியக் கடற்கரையில் லிண்டா எவாஞ்சலிஸ்டா உள்ளிட்ட மாடல்களுக்கு வெறும் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு எடுத்த படம் உங்கள் ஃபோல்டரில் நிச்சயம் இருக்கும். எண்பதுகளின் தோள்பட்டைத் திண்டு, குவிந்த முடி, நகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். உங்கள் மகளுக்கு இது சரிவரும். அப்பாவின் வெள்ளைச் சட்டை, மொட்டை மாடி, மேகம் போட்ட சாயங்காலம்.

வெளிச்சம் பற்றி ஒரு எச்சரிக்கை. வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று எங்கும் எழுதியிருக்கும். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சொன்னது. அங்கே வடக்கு ஜன்னல் வழியே வெயில் வருவது அபூர்வம், மெத்தென்ற வெளிச்சம் மட்டும் வரும். பாளையங்கோட்டை பூமத்திய ரேகைக்குப் பக்கம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகலில் சூரியன் உங்களுக்கு வடக்கே சாய்ந்திருக்கும். காலையும் மாலையும் வடக்கு ஜன்னலுக்குள் வெயில் சரிந்து விழும். எனவே திசையை மறந்துவிட்டு, எந்த நேரத்தில் எந்த ஜன்னலில் நேர் வெயில் இல்லை என்று ஒரு நாள் முழுக்க நோட்டம் விடுங்கள். சாஃப்ட்பாக்ஸ் காசு மிச்சம்.

அப்புறம், பார்த்து எடுப்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுங்கள். ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து, வெளிச்சம், சாய்வு, கை, சட்டத்தின் விளிம்பு எல்லாம் ஒத்துப்போகும்வரை மெனக்கெட்டு எடுங்கள். ஃபோல்டரில் ஆயிரம் படம் சேர்ப்பதைவிட அதில் கற்றுக்கொள்வது அதிகம். வெளியே காட்டும்போது “பென்னின் இந்தப் படத்தைப் பார்த்து எடுத்தது” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கெய்ட்டாவின் படங்கள் 1991இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, கீழே இருந்த குறிப்பு “பெயர் தெரியாத புகைப்படக்காரர், பமாகோ”. ஆள் அப்போது பமாகோவில் உயிரோடுதான் இருந்தார்.

அம்மா படம் எடுத்ததும் அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் மட்டும்.