காத்து நின்னா கரண்ட் நிக்குமா? லோடு டெஸ்பாட்ச் பணியில் (எந்த மின் நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று கட்டளையிடும் வேலை) இருந்து ஓய்வு பெற்றவரிடம் கேள்வி பதில்

செல்வம், ஆரல்வாய்மொழி: நல்ல காத்து அடிக்கும்போது எங்க ஊர்க் காற்றாலைக் காத்தாடியை ஏன் நிறுத்துறீங்க?

ஜூலை ராத்திரி 2 மணிக்கு அவ்வளவு கரண்டை வாங்க ஆளில்லை. அனல் யூனிட்டை 55 சதவீதத்துக்குக் கீழே சாதாரணமாக இறக்க மாட்டோம். அணைத்தால் காலையில் மறுபடி ஏற்றப் பல மணி நேரமாகும். அதனால் காத்தாடிதான் பலி.

மீனா, மதுரை: மாடியில் சோலார் போட்டும் கரண்ட் போனால் வீடு இருட்டு. ஏன்?

லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். இல்லாவிட்டால் உங்க மாடிக் கரண்ட் லைனுக்குள் பாயும்; கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிர் முக்கியம்.

அருள், திருச்சி: காத்தாடி எவ்வளவோ அவ்வளவு அனல் யூனிட்டைத் தயாராக வைக்கணுமா?

வேண்டாம். திடீரென்று போகக்கூடியதற்குத்தான் கையிருப்பு அவசரம். கூடங்குளத்தில் ஒரு யூனிட் 1000 மெகாவாட். ட்ரிப் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் போகும். காற்று தணிய மணிக்கணக்காகும். முதல் நொடிகளில் மற்ற யூனிட்டுகளின் கவர்னர் (வேகத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவி) தாங்கும், சில நிமிடத்தில் கம்ப்யூட்டர் கட்டளை, அதற்குப் பிறகுதான் போன் போட்டு மற்றவற்றை ஏற்றுவது.

ஆனால் எச்சரிக்கை: ஒரே சப்ஸ்டேஷனில் கோத்த காத்தாடிகளை ஒரே யூனிட்டாக எண்ணுங்கள். 2019 ஆகஸ்ட் 9 பிரிட்டனில் மின்னல் இறங்கியதும் ஒரு கடல் காற்றாலையும் ஒரு எரிவாயு நிலையமும் கரண்ட் தருவதில் சேர்ந்தே சரிந்தன. 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 48.8க்கு இறங்கியது. கையிருப்பு போதாமல் சுமார் 11 லட்சம் இணைப்புகளை வெட்ட வேண்டியதாயிற்று.

ராஜா, சேலம்: மாடி சோலார் இருந்தும் கரண்ட் போனா...

மீனாவுக்குச் சொன்னதைப் படிங்க.

கண்ணன், கோவை: பேட்டரி வந்தாச்சு. தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் காடம்பாறை மின் நிலையம் இனி எதுக்கு?

அதைத் தொட்டால் எனக்குக் கோபம் வரும்! மலைக்குள் குடைந்த பவர் ஹவுஸ், 100 மெகாவாட் யூனிட் நான்கு. மத்தியானச் சோலாரில் தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் இறக்கலாம். பம்பு ஓடும்போது நிறுத்தினாலே அது இழுத்த கரண்ட் மிச்சம், அதுவும் கையிருப்புதான்.

கண்ணன்: ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நொடிக்குள் வருதே சார்?

வருது. 2017ல் வைத்தபோது 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். மெகாவாட் என்பது கொடுக்கும் வேகம், மெகாவாட் மணி என்பது உள்ளே இருக்கும் மொத்த இருப்பு, எத்தனை தடவை சொல்வது?

அருள்: பேட்டரி விலை குறையுதே? நாலு மணி நேரத்துக்கும் போடலாமே.

போடலாம். முதல் நொடிக்கு அதை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டி முடித்த அணையை யாரும் சும்மா விடுவார்களா?

கண்ணன்: மழை பொய்த்தால்?

அதே தண்ணீர்தான் தம்பி ஏறி இறங்குது! ஆவியாவதை ஈடுகட்டினால் போதும்.

லதா, தேனி: என் கரண்ட் பில் தப்பா வந்திருக்கு.

பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கம்மா.

பாலு, ஈரோடு: மாடியில் சோலார் இருக்கு, கரண்ட் போனா...

மீனா!